பருப்பு வேகும் தண்ணி

கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூருக்குப் போகிற ரோட்டில், பாதி வழியில், தெற்கே ஒரு மண்தடம் பிரிகிறது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடந்து பாருங்கள். கண்ணை மூடியிருந்தாலும் ஓரிடத்தில் மண் மாறுவது காலுக்குத் தெரிந்துவிடும். அதுவரை கருமண். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் சுண்ணாம்புக் கல் வெள்ளை வெள்ளையாகத் தலை காட்டும். கிளுவை வேலி ஒன்றைத் தாண்டியதும் செம்மண் மேடு, குறுமணலாய் நறநறக்கும். அந்த மேட்டில்தான் நஞ்சுண்டனின் தோட்டம் இருக்கிறது. கிணறும் அதே மேட்டில்தான்.

சுத்துவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் சேந்தினாலும் சப்பத் தண்ணிதான். நாக்கில் கறையாக ஒட்டும். சோப்புப் போட்டால் நுரைக்காது, திரிதிரியாகக் கையில் நிற்கும். பாத்திரத்தில் வெள்ளைப் பூச்சுப் படியும். பருப்பைப் போட்டால் மத்தியானம் வரை கொதித்துக் கிடந்தாலும் தோல் உரிந்து தனியாக மிதக்குமே தவிர, குழையாது. நஞ்சுண்டன் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணி. அந்தத் தண்ணியில் அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயம் உரித்துப் போட்டு இறக்கினால், எது அரிசி எது பருப்பென்று பிரிக்க முடியாது. நஞ்சுண்டனைக் கட்டிக்கொண்டு பல்லடம் பக்கத்திலிருந்து பத்மாவதி வந்த மறுநாள், மாமியார் சின்னாத்தாள் அவளை முதலில் கூட்டிப் போய்க் காட்டியது நகைப்பெட்டியை அல்ல, கிணற்றைத்தான்.

கிணற்று மேட்டில் இரண்டு உருளைகள். மேற்கே ஒன்று, வீட்டுக்கு. கிழக்கே ஒன்று, வேலிக்கு அந்தப் பக்கம் கருமண்ணில் இருக்கிற தறிக் குடோன்களில் வேலை பார்க்கிற லைன் வீட்டுக்காரர்களுக்கு. அவர்கள் கயிறு வேறு, வாளி வேறு. சின்னாத்தாள் வைத்த முறை அது. தண்ணி இல்லையென்று யாரையும் அந்தம்மாள் திருப்பி அனுப்பியதும் இல்லை, கயிறு மாற விட்டதும் இல்லை.

விடிந்தால் பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு வருவார்கள். அப்புறம் ஊருக்குக் குழாய்த் தண்ணி வந்தது, பத்து நாளைக்கு ஒருதரம். பிறகு கேன் தண்ணி வண்டி வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசியில் வந்துகொண்டிருந்தவள் ஜெயக்கொடி ஒருத்திதான். காலை ஷிப்டுக்குப் போகுமுன் இரண்டு குடம். ஏசுவடியானைக் கட்டிக்கொண்டு லைனுக்கு வந்த நாளிலிருந்து முப்பது வருசம், மாதா கோயில் தேர்த்திருவிழா அன்றைக்குக்கூட நிறுத்தியதில்லை. கேன் தண்ணி வாங்கினால் என்ன என்று ஒருநாள் பத்மாவதி கேட்டதற்கு, அது தண்ணி மாதிரியே இல்லீங்க்கா, ஐஸை ஆத்திக் குடிக்கற மாதிரி இருக்குதுங்க என்றாள்.

மேற்கு உருளையில் பத்மாவதி, கிழக்கு உருளையில் ஜெயக்கொடி. நடுவே கிணறு. பேசியது எல்லாம் அந்த வாய்க்கு மேலேதான். ஜெயக்கொடி மகள் ஜோவிதா பெரியவளானது, பத்மாவதிக்குக் கர்ப்பப்பை எடுத்தது, தறிக்காரர் கூலி குறைத்தது, நஞ்சுண்டனின் குறட்டை. ஒருத்தி பேச ஆரம்பித்தால் மற்றவள் கயிற்றைப் பாதியில் பிடித்து நிறுத்திக்கொள்வாள். வாளி கிணற்றின் நடுவில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஜெயக்கொடி காலிக் குடத்துக்குள் முறுக்குப் பொட்டலத்தை வைத்துக் கொண்டுவருவாள். மாமியார் கண்ணில் படாமல் இரண்டு பேரும் மேட்டிலேயே உட்கார்ந்து தின்று முடித்துவிடுவார்கள். சின்னாத்தாள் போய்ப் பன்னிரண்டு வருசம் ஆன பிறகும் அந்த முறுக்கு வீட்டுக்குள் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை. பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

போன வருசத்துக்கு முந்தின கோடை பொல்லாத கோடை. தென்னை மட்டைகள் முறிந்து தொங்கின. குரும்பை உதிர்ந்து மரத்தடியெல்லாம் கிடந்தது. நஞ்சுண்டன் மரத்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். போர் போட்டுவிடலாம் என்று முடிவானது. நீரோட்டம் பார்க்கிற சுப்பண்ணன் வந்தார். உள்ளங்கையில் மட்டை உரித்த தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தார். இரண்டு இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. ஒன்று கிழக்கு வேலியோரம். இன்னொன்று கிணற்று மேட்டில்.

வேலியோரமே போடலாம் என்று நஞ்சுண்டன் நினைத்தார். அப்போது பத்மாவதி சொன்னாள்:

"ஏனுங்க, கெணத்துக்குள்ளயே எறக்கிப்போடுங்க. அறுவது அடி ஏற்கனவே வெட்டிக் கெடக்குது. அதையும் சேத்து மறுபடி எதுக்கு மேல இருந்து தொளைக்கோணும்?"

நல்ல யோசனை என்று போர் போடுகிற மெஷின்காரனும் சொன்னான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னான். கிணற்றில் இருந்த கொஞ்சத் தண்ணியை மோட்டார் வைத்து இறைத்துப்போட்டுச் சின்ன மெஷினைக் கிரேனில் கட்டி உள்ளே இறக்கினார்கள். இரண்டு நாள் கிணறு இடிமாதிரி உறுமியது. எழுநூறு அடியில் தண்ணி பீய்ச்சியது. வாசலில் தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். தண்ணி எடுக்க வந்த ஜெயக்கொடியும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். அதிகமாகச் சிரித்தது பத்மாவதிதான்.

மூன்றாம் நாள் காலை ஜெயக்கொடி வாளியை இறக்கினாள். கயிறு முழுக்க ஓடி, பாறையில் வாளி 'ணங்'கென்று விழுந்தது. எப்பேர்ப்பட்ட கோடையிலும் ராத்திரிக்குள் முழங்கால் அளவு ஊறிவிடுகிற கிணறு அது. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். பக்கச் சுவரில் ஊற்று வழக்கம்போலக் கசிந்துகொண்டுதான் இருந்தது. சொட்டுச் சொட்டாகப் பாறையில் விழுந்து, சரிந்து ஓடி, புதுசாகப் போட்ட துளைக்குள் போய்க்கொண்டிருந்தது. தண்ணி விழுகிற சத்தம் கேட்கிறது, தண்ணியைக் காணோம்.

தொட்டியில் விழுந்த போர்த் தண்ணியைத்தான் அன்றைக்கு ஜெயக்கொடி பிடித்துக்கொண்டு போனாள். மறுநாளும் அதையே. எப்படியிருக்குது என்று பத்மாவதி கேட்டதற்கு, பரவாயில்லீங்க்கா என்றாள். அன்றைக்குச் சும்மா பார்க்கத்தான் பத்மாவதி வேலி வரை போனாள். தடத்தில் போய்க்கொண்டிருந்த ஜெயக்கொடி, முதல் வேம்படியில் நின்று, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இரண்டு குடத்தையும் மரத்துக்கு ஊற்றிவிட்டுக் காலிக் குடத்தோடு நடந்தாள். மனசு நோகக் கூடாதென்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அதற்கடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை.

சண்டையென்றால் சமாதானம் பேசலாம். இது சண்டையும் இல்லை. வருவதற்கு ஒரு காரணம் இருந்தது, அது தீர்ந்துவிட்டது. ஜெயக்கொடியின் போன் நம்பர் பத்மாவதியிடம் இல்லை. விடிந்தால் வந்து நிற்கிறவளுக்கு நம்பர் எதற்கு.

பத்மாவதி அதன்பிறகும் காலையில் கிணற்று மேட்டுக்குப் போனாள். சேந்துவதற்கு ஒன்றும் இல்லை. கிழக்கு உருளையில் ஜெயக்கொடியின் கயிறு சுருட்டிப் போட்டபடி கிடந்தது. மேற்குச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கீழே சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. வீட்டில் சமையல் கெட்டது. அரிசிம்பருப்பில் பருப்பு தனியே கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தது. டீ கருத்தது. நஞ்சுண்டன் ஒருநாள் பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்து, தறிக்கு ஷட்டில்ல போட்டு ஓட்டலாம் போலிருக்குது என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் அதற்கப்புறம் சமையலைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு வருசம் ஆனபோது மரமே பேச ஆரம்பித்தது. போர்த் தண்ணி குடித்த தென்னை ஓலைகளின் நுனி தீய்ந்தது. சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் சுண்ணாம்பு அடைத்து, ஊசியால் குத்திவிட வேண்டியிருந்தது. தம்பிதுரையைக் கூட்டிவந்தார் நஞ்சுண்டன். நிலத்தடி நீர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சூலூரில் இருக்கிறார். அவர் தேங்காய் கொண்டுவரவில்லை. கிணற்றுக்குள் ஏணி வைத்து இறங்கி, சுவரை ஒவ்வொரு அடியாகத் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்து, மோர் வாங்கிக் குடித்தபிறகு பேசினார்.

"இந்த மேட்டுல மட்டும் செம்மண்ணும் நொறுங்கின பாறையும் அம்பது அடிக்கு இருக்குதுங்க. பேஞ்ச மழை அதுல வடிஞ்சு வடிஞ்சு எறங்குது. அடியில ஒத்தப் பாறை, விரிசலே இல்லாம, சோத்து வட்டல் மாதிரி. அந்த வட்டல்ல நின்ன தண்ணியத்தான் உங்கப்பா காலத்துல இருந்து குடிச்சீங்க. சுத்தியும் கருமண்ணு, சுண்ணாம்புக் கல்லு. அதுல எறங்குற மழை சுண்ணாம்பையும் கரைச்சுக்கிட்டுத்தான் எறங்கும்."

"அப்ப எழுநூறு அடியில வாரது?" என்று நஞ்சுண்டன் கேட்டார்.

"அது உங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்து மழைங்க. பாறை வெடிப்புல அடைஞ்சு கெடந்து, பாறையில இருக்கற உப்பு, ப்ளூரைடு எல்லாத்தையும் ஊற வெச்சு உறிஞ்சிக்கிட்டது. நீங்க வட்டல்ல ஓட்டை போட்டுட்டீங்க. நல்ல தண்ணி சொட்டிச் சொட்டி அதுக்குள்ள போகுது. ஒரு டம்ளர் பாலைக் கொண்டுபோயிக் குளத்துல ஊத்தற மாதிரி."

பத்மாவதி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டை போடச் சொன்னது நான்தானுங்க என்று தம்பிதுரையிடம் சொன்னாள். யாரும் கேட்காமலேயே சொன்னாள். நஞ்சுண்டன் திரும்பிப் பார்த்தார். இந்த ஒரு வருசத்தில் அவர் அதை ஒருதரம்கூட வாயெடுத்துச் சொன்னதில்லை.

அடைக்க முடியுமா என்று அவள் கேட்டாள். முடியும் என்றார் தம்பிதுரை. ஆனால் மரத்துக்குத் தண்ணி? நஞ்சுண்டன் இரண்டு மாசம் யோசித்தார். மரங்கள் அவர் கையால் வைத்தவை. ஒருநாள் காலையில் பால் கறந்துவிட்டு வந்தவர், அவள் கிணற்று மேட்டில் கையூன்றி நிற்பதைக் கட்டுத்தரையிலிருந்தே கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றைக்கே ஆளுக்குச் சொல்லிவிட்டார். மரத்துக்குக் கிழக்கு வேலியோரம் வேறு போர், அத்தனை ஆழம் போகாமல், மேட்டுத் தண்ணி அதற்குள் வடியாதபடி பாறை வரை குழாய் இறக்கி. கிணற்றுத் துளையை அடிவரை ஜல்லியும் களிமண்ணும் போட்டு இடித்து, மேலே சிமெண்டால் பூசி மூடினார்கள். ஆனி மாசம் அது.

உடனே நல்ல தண்ணி வந்துவிடும் என்று நினைத்திருந்தாள். தம்பிதுரை தலையாட்டினார். "பதினாலு மாசம் அந்தத் தண்ணிய இந்த மண்ணு மேல ஊத்தியிருக்கீங்கம்மா. மண்ணு அத்தனையையும் வாங்கி வெச்சிருக்குது. பேயிற மழை மொதல்ல அதைக் கழுவிக்கிட்டுத்தான் கெணத்துக்கு வரும். ரெண்டு மூணு மழைக்காலம் பொறுக்கோணும்."

பொறுப்பதாகத்தான் இருந்தாள். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தது. கிணற்றில் இடுப்பளவு தண்ணி நின்றது. முகம் பார்க்கலாம் போலத் தெளிந்து நின்றது. முதல் வாளியை இறைத்துக் கையில் ஏந்திக் குடித்தாள். சப்பு போகவில்லை. போர்த் தண்ணி அளவுக்கு இல்லை, பழைய தண்ணியும் இல்லை. ஒரு பிடி பருப்பைப் போட்டுப் பார்த்தாள். பாதி குழைந்தது, பாதி முழித்தது. வாரம் ஒருதரம் அப்படி ஒரு பிடி போட்டுப் பார்ப்பாள். நல்ல தண்ணி ஆகட்டும், அப்புறம் சொல்லி அனுப்பலாம், தானே வருவாள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கார்த்திகைக் கடைசியில் நஞ்சுண்டன் டீக்கடையிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார். குடோனை விற்றுவிட்டார்களாம். தறிகளைப் பழைய இரும்புக்குப் பிரிக்கிறார்களாம். லைனில் இருக்கிறவர்கள் காலி செய்கிறார்கள். ஏசுவடியான் கிறிஸ்துமஸ் முடிந்ததும் பொண்டாட்டியோடு டவுனில் கணபதிக்குப் போகிறார், மகள் ஜோவிதா வீட்டுக்கு. மருமகன் ஜெஃபின் அங்கே லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான்.

"எப்பங்க போறாங்க?"

"இன்னும் மூணு வாரம் இருக்கும்."

மூணு மழைக்காலம் எங்கே, மூணு வாரம் எங்கே.

மறுநாள் வெயில் ஏறினபிறகு பத்மாவதி பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கினாள். மேற்கு உருளையில் கயிற்றைப் போட்டவள் நிறுத்திவிட்டுக் கிழக்கே போய், ஜெயக்கொடியின் கயிற்றைப் பிரித்து இறக்கினாள். உருளை துருப்பிடித்துக் கிறீச்சிட்டது. குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு தடத்தில் நடந்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயசு. இத்தனை தூரம் இடுப்பில் குடம் எடுத்து நடந்து எத்தனையோ வருசமாகிறது. வேலி தாண்டிக் கருமண் வந்தபோது மழை ஈரத்தில் மண் செருப்போடு அப்பிக்கொண்டது. செருப்பைக் கழற்றி வேலியோரம் விட்டுவிட்டு நடந்தாள். தண்ணி தளும்பி முந்தானை நனைந்தது.

லைன் வீடுகள் எதிரும் புதிருமாக எட்டு எட்டு. எல்லாக் கதவும் ஒரே பச்சை. அதன் நடுவில் போய் நின்றபிறகுதான் ஜெயக்கொடி வீடு எது என்று தனக்குத் தெரியாதென்பது அவளுக்குத் தெரிந்தது. முப்பது வருசம். அந்தப் பெண்ணுக்கு எந்தப் பல் சொத்தை என்று தெரியும். ஏசுவடியான் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்றுகூடத் தெரியும். கதவு தெரியவில்லை. இடுப்புக் குடத்தோடு பத்மாவதி ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துணி காயப்போட வந்த ஒருத்தி ஆச்சரியமாகப் பார்த்து, கடைசிக் கதவைக் கைகாட்டினாள்.

ஜெயக்கொடி உள்ளே சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் செருகினாள்.

"அக்கா? நீங்க எதுக்குங்க இத்தனை தூரம்?"

"தண்ணி கொண்டாந்தேன்."

ஜெயக்கொடி குடத்தை வாங்கி இறக்கினாள். டம்ளரில் மொண்டு ஒரு வாய் குடித்தாள். முழுங்கிவிட்டு டம்ளரில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள். பரவாயில்லீங்க்கா என்று இப்போதும் சொல்லிவிடுவாளோ என்று பத்மாவதி பயந்தாள்.

"இன்னும் தேறலீங்க்கா."

"தெரியும்."

"தெரிஞ்சா செமந்துட்டு வந்தீங்க?"

"தேறதுக்குள்ள நீ போயிருவீன்னு சொன்னாங்க."

ஜெயக்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். கட்டியதையே மறுபடி அவிழ்த்தாள். உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பத்மாவதி ஸ்டூலில் உட்காராமல் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"குடிக்க ஏதாச்சும் குடு, ஜெயா."

"வெளிய போயி கலர் வாங்கியாரட்டுங்களா?"

"தண்ணி குடு போதும்."

ஜெயக்கொடி நின்ற இடத்திலேயே நின்றாள். மூலையில் கேன் இருந்தது. அதன் மேல் டம்ளர் கவிழ்த்திருந்தது. எடுத்தாள், கழுவினாள், மறுபடி கழுவினாள். பிடித்துக் கொண்டுவந்து கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். பத்மாவதி டம்ளரை எடுத்து, அண்ணாந்து ஊற்றாமல், வாய் வைத்துக் குடித்தாள். ஐஸை ஆற்றிய மாதிரிதான் இருந்தது. மண் வாசமும் இல்லை, கல் வாசமும் இல்லை. முழுசும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டி, இன்னொரு டம்ளர் கேட்டாள். இந்தத் தடவை ஜெயக்கொடி அதைக் கையிலேயே கொடுத்தாள்.

"சோறு ஆக்கிட்டியா?"

"இல்லீங்க்கா. இனிமேத்தான்."

"அரிசியும் பருப்பும் போடு. நானும் இங்கயே உங்கறேன்."

ஜெயக்கொடி அவளையே பார்த்தாள். அரிசியையும் பருப்பையும் அளந்து களைந்தாள். உலைக்குக் கேனிலிருந்து பிடிக்கப் போனவள் நின்று, பித்தளைக் குடத்தைப் பார்த்தாள்.

"உங்க தண்ணியிலயே வெக்கட்டுங்களா?"

"வெய்யி."

"லேசுல வேகாதுங்க்கா" என்றபடி, கட்டி வைத்த சாக்குக்குள் கைவிட்டுக் குக்கரைத் தேடி எடுத்தாள்.

"குக்கர் வேண்டாம். சட்டியிலயே வெய்யி."

"சட்டியில வெச்சா பொழுது சாஞ்சிருமுங்களே."

"சாயட்டும்."

ஜெயக்கொடி குக்கரை மெதுவாகச் சாக்குக்குள்ளேயே திரும்ப வைத்தாள். சட்டியை அடுப்பில் ஏற்றித் தீயைக் குறைத்தாள். சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கணபதியில் மகள் வீடு மூன்றாவது மாடி, குழாயைத் திறந்தால் இனிக்கிற சிறுவாணித் தண்ணி வருமாம் என்றாள். அப்படியா என்று கேட்டுவிட்டு, மாடிப்படி எத்தனை என்றும், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்றும் பத்மாவதி விசாரித்தாள். இரண்டையும் மறக்காமலிருக்க வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நடுவே ஜெயக்கொடி எழுந்துபோய்க் கரண்டியால் ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். இன்னும் கல்லுத்தானுங்க என்றாள்.

பத்மாவதி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.